ரெண்டு நாள் பத்தாது

ஆரணியில் பரசுராமன் வீட்டுக்குப் பட்டுப்புடவை எடுக்க வருகிறவர்கள் ஒரு பன்னீர் சோடாவும் ஊர் வர்ணனையும் இல்லாமல் திரும்பிப் போனதாகச் சரித்திரம் கிடையாது.

வீட்டின் முன்னறைதான் கடை. தரையில் வெள்ளை விரிப்பு, சுவரை ஒட்டி அலமாரிகள், பின்கட்டில் தறி. வந்தவர்கள் மயில்கழுத்து நிறம் கேட்டு அது கைவசம் இல்லையென்றால் தெருவில் வேறு யார் வீட்டிலிருந்தாவது வாங்கி வர வேண்டும். அதற்குள் அவர்கள் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடக் கூடாது. பரசுராமன் வாயைத் திறப்பது அப்போதுதான்.

“படவேட்டுக்குப் போய்ட்டு வர்றீங்களா? அம்மனைப் பாத்துட்டு அப்படியே பஸ் ஏறிட்டீங்களா? இன்னாங்க நீங்க! கொஞ்ச தூரத்துல ராமர் கோயில் கீது. ராமருக்கு எதிர்ல அனுமாரு குந்திகினு சுவடி படிக்கிறாரு. அதைப் பாக்காம வந்துட்டீங்களே. பின்னால செண்பகத்தோப்பு டேம். போட்ல போனா மலை நம்ம கூடவே வரும். திரும்பற வழியில பூசிமலைக்குப்பம் மாளிகை. ஜாகீர்தார் கட்டினது. உள்ள பூரா கண்ணாடி. நீங்க ஒருத்தரு நின்னா நூறு பேரு நிக்கிற மாதிரி தெரியும்.”

வந்தவர்கள் வாயைப் பிளந்து உட்கார்ந்துவிடுவார்கள். மயில்கழுத்தும் வந்து சேர்ந்துவிடும்.

பிரித்துப் போட்ட புடவைகளை மடித்துக்கொண்டே அவன் மனைவி திலகவதி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்டுக் கேட்டு அவளுக்கு அந்தப் பேச்சு மனப்பாடம். எந்த இடத்தில் மூச்சு விடுவான், எந்த இடத்தில் தொடையைத் தட்டுவான் என்பது வரை தெரியும். இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். பரசுராமன் அந்த இடங்களில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

அம்மனை மட்டும் பார்த்திருக்கிறான், நூறு தடவை. ரேணுகாம்பாள் அவர்கள் குலதெய்வம். பரசுராமன் என்ற பெயரே அவள் பிள்ளையின் பெயர்தான். ஆனால் போனால் கும்பிடுவான், திருநீறு வாங்குவான், அடுத்த பஸ்ஸைப் பிடிப்பான். தறியில் பாதிப் புடவை நிற்கும்போது அணைக்கட்டை யார் போய்ப் பார்ப்பது? மற்றதெல்லாம் புடவை எடுக்க வந்தவர்கள் சொன்னவை. ஒருத்தர் சொன்னதை அடுத்தவருக்குச் சொல்வான். அடுத்தவர் தன் பங்குக்கு ஒன்று சேர்ப்பார். அதையும் சேர்த்து அதற்கடுத்தவருக்குச் சொல்வான். அப்படித்தான் அணையில் போட் வந்தது. அப்படித்தான் மாளிகையில் ஆள் நூறானது.

இதனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்றுதான் திலகவதி இருந்தாள், மகள் லீலாவின் கல்யாணப் பேச்சு வருகிற வரைக்கும்.

லீலாவுக்குச் சென்னையில் வேலை. அதே ஆபீஸில் தென்னரசு. பையனுக்குச் சங்கரன்கோவில். அவர்களும் நெசவுக் குடும்பம்தான், ஆனால் அங்கே பருத்திச் சேலை, சொந்தக் கடை. இரண்டு வீட்டுக்கும் மறுப்பில்லை. தை மாதம் முகூர்த்தம் என்று முடிவாகிவிட்டது. எந்த ஊரில் என்பது மட்டும் முடிவாகவில்லை.

பையனின் அப்பா வீரபாகு போனில் நேராகவே சொன்னார். பரசுராமன் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் திலகவதிக்கும் கேட்டது.

“சம்பந்தி, ஒளிவுமறைவு இல்லாம சொல்லுதேன். எங்க ஆளுக நானூறு பேரு. ராத்திரி பூரா ரயில்ல உக்காந்து வரணும். தாலி கட்டுறத பாத்துட்டு, பந்தில உக்காந்துட்டு திரும்பிப் போங்கன்னா ஒருத்தனும் வரமாட்டான். ரெண்டு நாளு சுத்திப் பாக்க எடம் இருக்குன்னா சொல்லுங்க, டூரு மாதிரி கூட்டியாந்துருவேன். இல்லன்னா கோமதியம்மன் சன்னதில வச்சிக்கிடுவோம்.”

“ரெண்டு நாளா?” பரசுராமன் தொடையைத் தட்டினான். “எங்க ஊருக்கு ரெண்டு நாள் பத்தாதுங்க சம்பந்தி!”

“அப்ப ஒரு நா வந்து பாத்துருதோம்.”

போனை வைத்த பிறகுதான் பரசுராமனுக்கு முகம் மாறியது. திலகவதி புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் அநேகமாக எதற்கும் ஒன்றும் சொல்வதில்லை.

லீலாவைக் கேட்டால், “எங்க நடந்தா இன்னாம்மா, எனக்கு லீவு குடுத்தா போதும்” என்றாள். பரசுராமனுக்குச் சம்பந்தியிடம் பேச்சில் தோற்கக் கூடாது, அவ்வளவுதான். கல்யாணம் ஆரணியில்தான் நடக்க வேண்டும் என்று உள்ளுக்குள் தவித்தது திலகவதி ஒருத்திதான். காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

அவர்கள் தெருவில் ஒரு வழக்கம். தெருப் பெண்ணுக்கு ஊரிலேயே கல்யாணம் என்றால், முகூர்த்த நாளன்று எந்த வீட்டிலும் தறி ஓடாது. பெண்ணின் மேல் மரியாதையும் உண்டு, கல்யாணச் சாப்பாடும் உண்டு. வெளியூரில் கல்யாணம் என்றால் இது கிடையாது. போகிற நாலு பேர் போவார்கள், மற்ற தறிகள் ஓடிக்கொண்டிருக்கும்.

திலகவதி பிறந்தது களம்பூரில், அரிசி மில்லுக்கு அடுத்த வீட்டில். அந்த இரைச்சலில் வளர்ந்து இந்த இரைச்சலுக்கு வாழ்க்கைப்பட்டாள். வந்த புதிதில் எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. அன்று காலை கண் விழித்தவளுக்குக் காது போய்விட்டதோ என்று பயம். பிறகு குழாயில் சொட்டும் தண்ணீர் கேட்டது. கூரைமேல் ஒரு காக்கை நடப்பது கேட்டது. தெரு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணை அனுப்பி வைக்கிற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வீட்டுப் பெண்களுக்கு அந்த அமைதி வந்து போனது. ஒவ்வொரு முறையும் அவள் வேலையை விட்டுவிட்டு வாசற்படியில் நின்று கேட்பாள். தன் பெண்ணுக்கும் ஒருநாள் அது வரும் என்று நினைத்துக்கொள்வாள்.

இப்போது அது கணவனின் வாயில் மாட்டிக்கொண்டு நின்றது.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் வீரபாகுவும் அவர் மனைவி காசியம்மாளும் திருவண்ணாமலையில் சாமி கும்பிட்டுவிட்டு ஆரணி பஸ் நிலையத்தில் வந்து இறங்கினார்கள். வீரபாகு உயரம், வெள்ளைச் சட்டை, கையில் போன். இறங்கும்போதே பஸ் நிலையத்தைப் படம் பிடித்தபடி இறங்கினார். காசியம்மாள் குள்ளம், உருண்டை முகம். இறங்கியதும் திலகவதியின் கையைப் பிடித்துக்கொண்டு, “மதினி, இங்கன நல்ல காத்து வருது என்னா” என்றாள்.

வேன் தேவகுமாருடையது. பரசுராமனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். வெம்பாக்கம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நிலம் உள்ள பழைய ஜைனக் குடும்பம். பரசுராமன் அவரை நயினார் என்றுதான் கூப்பிடுவான். கிளம்புவதற்கு முன் அவரைத் தனியாக ஓரங்கட்டினான்.

“நயினாரே, நீ வண்டிய ஓட்டு. நான் பேசறேன். நடுவுல வாய விட்டே, பேஜாராயிடும்.”

“எனக்கு இன்னாடா வந்துது. நீ பேசறதக் கேட்டுகினே டீசல் தீத்துடறேன்” என்றார் தேவகுமார்.

படவேட்டில் எல்லாம் நன்றாகவே நடந்தது. அம்மன் பரசுராமனின் சொந்த இடம். எந்த வரிசை சீக்கிரம் நகரும், எந்தக் கடையில் தேங்காய் நல்லதாக இருக்கும் என்று சரளமாகச் சொன்னான். வீரபாகு கோபுரத்தைப் படம் பிடித்தார், மலையைப் படம் பிடித்தார், பொங்கல் வைக்கிறவர்களைப் படம் பிடித்தார். “ம், பரவால்ல” என்றார். காசியம்மாள் கண்ணை மூடி வெகுநேரம் கும்பிட்டாள்.

அடுத்து ராமர் கோயில். உள்ளே நுழைவதற்கு முன் வாசலிலேயே நின்று பரசுராமன் ஆரம்பித்துவிட்டான்.

“இப்ப பாருங்க சம்பந்தி. அனுமாரு எதிர்ல குந்திகினு சுவடி படிப்பாரு. வேற எங்கியும் இந்த மாதிரி பாத்திருக்க மாட்டீங்க.”

உள்ளே போனார்கள். ராமர் உட்கார்ந்திருந்தார். எதிரில் அனுமார் உட்கார்ந்திருந்தார். கையில் சுவடி.

பரசுராமன் வாயடைத்து நின்றான். அவன் இத்தனை வருஷம் சொல்லி வந்தது அப்படியே நிஜமாக இருந்தது. அனுமாரை மேலும் கீழும் பார்த்தான். சுவடியை எட்டிப் பார்த்தான். “கீறாரு” என்று தனக்குள் முணுமுணுத்தான். திலகவதி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

“என்ன சம்பந்தி, நீங்களே இப்பத்தான் பாக்குத மாதிரி நிக்கிதீங்க?” என்றார் வீரபாகு.

“ஒவ்வொரு வாட்டியும் இப்படித்தாங்க. புதுசா பாக்கற மாதிரியே இருக்கும்.”

பின்னால் நின்ற தேவகுமாருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

வேனுக்குத் திரும்பும்போது பரசுராமன் நடையே மாறியிருந்தது. அனுமார் இருந்தால் போட்டும் இருக்கும், கண்ணாடியும் இருக்கும் என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. திலகவதிக்கு அதுதான் பிடிக்கவில்லை. பயந்துகொண்டே இருந்திருந்தால் அவன் கொஞ்சம் அடக்கி வாசித்திருப்பான்.

செண்பகத்தோப்பு அணைக்குப் போகிற வழியெல்லாம் போட்டைப் பற்றியே பேசினான். எத்தனை பேர் உட்காரலாம், எந்தப் பக்கம் காற்று அடிக்கும், புதுப் பெண் மாப்பிள்ளை ஏறினால் போட்டோ எப்படி விழும் என்றெல்லாம். வீரபாகு நானூறு பேரை எத்தனை நடையாக ஏற்றுவது என்று விரல் மடக்கிக்கொண்டிருந்தார்.

அணையில் தண்ணீர் இருந்தது. மூன்று பக்கமும் மலை, மலைமேல் கிழிந்த பஞ்சு மாதிரி மேகம். அந்தக் கரையில் கொக்குகள். காற்று சின்னச் சின்ன மடிப்பாகத் தண்ணீர்மேல் வந்தது. திலகவதிக்கு அது மடித்து வைக்காத புடவை மாதிரி இருந்தது. யாரும் பேசாமல் ஒரு நாழிகை இப்படியே நிற்கலாம் என்று தோன்றியது.

“போட்டு எங்க?” என்றார் வீரபாகு.

பரசுராமன் இடது பக்கம் பார்த்தான். வலது பக்கம் பார்த்தான். கரையோரம் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவரிடம் போய், “போட்டெல்லாம் எங்க நிறுத்திகீறாங்க?” என்று தணிந்த குரலில் கேட்டான்.

“போட்டா? இங்க ஏதுங்க போட்டு? எந்த ஊரு நீங்க?” அவர் ஊருக்கே கேட்கிற குரலில் கேட்டார்.

பரசுராமன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். “மழைக்காலங்க. கழட்டி ரிப்பேருக்கு அனுப்பிச்சிட்டாங்க போலக்குது.”

“போட்டைக் கழட்டுவாகளா?” என்றார் வீரபாகு. போனைப் பைக்குள் வைத்தார்.

காசியம்மாள் இது எதையும் கவனிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் வைத்துக்கொண்டிருந்தாள். “எம்மா, என்னா சிலுசிலுப்பு! மதினி, இங்கன வாங்க” என்று கூப்பிட்டாள். திலகவதி போய்ப் பக்கத்தில் நின்றாள். காலையிலிருந்தே அவள் இந்த அம்மாளைக் கவனித்துக்கொண்டிருந்தாள். கணவர் படம் பிடிக்காததையெல்லாம் அவள் பார்த்தாள். கரும்பு வண்டி, மதில்மேல் ஆடு, கண்ணமங்கலத்துக்குப் பிரிகிற சாலையில் குரங்குக் குடும்பம். ஹோட்டலில் சாப்பிடும்போது இலைக்குப் பரிமாற வந்தவரை நிமிர்ந்து பார்த்து, “ஒக்காந்த எடத்துக்கே வந்துருது பாருங்களேன்” என்று சிரித்தாள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று திலகவதிக்கு அப்போது புரியவில்லை.

பூசிமலைக்குப்பம் மாளிகைக்குப் போய்ச் சேரும்போது வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. பரசுராமன் வழியில் இரண்டு தடவை, “மாளிகைய மட்டும் பாருங்க சம்பந்தி, அப்புறம் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டான். தேவகுமார் கண்ணாடி வழியாகத் திலகவதியைப் பார்த்தார். திலகவதி வெளியே பார்த்தாள்.

மாளிகை இருந்தது. உயரமான தூண்கள், வளைவுகள், ஒரு காலத்தில் யாரோ ஆசை ஆசையாகக் கட்டியது என்று பார்த்தாலே தெரிந்தது. ஆனால் சுவர் வெடிப்பில் அரசமரம் கிளம்பியிருந்தது. படிக்கட்டில் செடி. மேலே வௌவால். காரை உதிர்ந்த சுவரில் காதலர்கள் கரியால் பெயர் எழுதி வைத்திருந்தார்கள்.

நால்வரும் நடுக்கூடத்தில் நின்றார்கள். தேவகுமார் வாசலோடு நின்றுவிட்டார். ஒரு வௌவால் இடம் மாறி உட்கார்ந்தது.

“கண்ணாடி எங்க சம்பந்தி?” என்றார் வீரபாகு.

பரசுராமன் சுவரைத் தடவிப் பார்த்தான். “இங்கதான்...”

“நான் ஒருத்தன் நின்னா நூறு பேரு தெரியும்னீங்க. நான் நிக்கிறது எனக்கே சரியாத் தெரியல.”

பரசுராமன் அடுத்த சுவரைத் தடவினான்.

“கேக்குதேன்னு கோவப்படக் கூடாது. நீங்க இதுக்கு முன்னால இங்க வந்திருக்கீங்களா?”

பரசுராமன் வாயைத் திறந்தான். கடையில் வருகிற மாதிரி ஏதாவது வந்துவிடும் என்று திலகவதி பார்த்தாள். வந்தால் ஒரு பொய்க்கு இன்னொரு பொய் என்று போகும். அப்புறம் இவர் சொல்கிற எதையும், பெண்ணைப் பற்றிச் சொல்வதைக்கூட, அவர்கள் நம்ப மாட்டார்கள். கல்யாணம் எந்த ஊரில் என்பது போய், நடக்குமா என்றாகிவிடும்.

“வந்ததில்லீங்க அண்ணே” என்றாள் அவள்.

அன்று காலையிலிருந்து அவள் வீரபாகுவிடம் பேசிய முதல் பேச்சு அது. அந்தக் கூடத்தில் அது பெரிதாகக் கேட்டது.

“அவரும் வந்ததில்லே. நானும் வந்ததில்லே. புடவை எடுக்க வர்றவங்க சொல்றத வச்சி சொல்லிகினு இருப்பாரு. கெட்ட எண்ணத்துல இல்லீங்க. கடைக்கு வந்தவங்க குந்தி இருக்கணுமே. அம்மனைத் தவிர வேற எதுவும் நாங்க பாத்ததில்லே. அனுமாரைக் கூட இன்னைக்குத்தான்.”

வீரபாகு அவளைப் பார்த்தார், பரசுராமனைப் பார்த்தார். “சரி, கெளம்புவோம்” என்று மட்டும் சொன்னார்.

வேனில் ஒருவரும் பேசவில்லை. பரசுராமன் பேசாமல் ஒரு பயணம் போனதைத் திலகவதி கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை. அவள் எப்போதும் விரும்புகிற மாதிரி அமைதிதான், ஆனால் அன்றைக்கு அது நெஞ்சில் உட்கார்ந்தது. கெடுத்துவிட்டோம் என்று நினைத்தாள். கல்யாணம் இனி சங்கரன்கோவிலில்தான். அந்தக் காலையில் தெருவில் தறிகள் டக் டக்கென்று ஓடிக்கொண்டிருக்கும். யாராவது ஒருத்தர் தறியில் நாடாவைத் தள்ளிக்கொண்டே, இன்னைக்கு பரசு பொண்ணுக்குக் கல்யாணமாமே, என்று சொல்வார். அவ்வளவுதான்.

கொஞ்ச தூரம் வந்ததும் தேவகுமார் வானத்தைப் பார்த்தார். ஒரு ஏரிக்கரை ஓரமாக வேனை நிறுத்தினார்.

“என்ன இங்க? இது என்ன எடம்?” என்றார் வீரபாகு, கொஞ்சம் குத்தலாகவே.

“ஒண்ணுமில்லீங்க, வெறும் ஏரி. பொழுது எறங்கறதுக்குள்ள நான் சாப்புட்டுடணும். எங்காளுங்க இருட்டினா சாப்புட மாட்டோம். ஊட்டுக்குப் போறதுக்குள்ள சூரியன் போயிடும். ஒரு பத்து நிமிஷம். நீங்களும் வாங்க, என் ஊட்டுக்காரி மனோன்மணி எல்லாருக்கும் சேத்துதான் கட்டிக் குடுத்துகீறா.”

கரையில் புல்மேல் தேவகுமார் பெரிய டிபன் கேரியரைப் பிரித்தார். புளிச்சாதம், வாழைக்காய் வறுவல், பீர்க்கங்காய்த் துவையல். ஆண்கள் மூவரும் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். வீரபாகுவும் பரசுராமனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் துவையலை மட்டும் பார்த்துச் சாப்பிட்டார்கள். பெண்கள் இருவரும் தட்டை எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளி மதகு மேல் போய் உட்கார்ந்தார்கள்.

ஏரியில் நாமக்கோழிகள் முங்கி முங்கி எழுந்தன. காசியம்மாள்தான் ஆரம்பித்தாள்.

“மதினி, ஒண்ணு கேக்கேன், தப்பா எடுக்கக் கூடாது. கல்யாணத்த இங்கன வச்சா என்ன?”

திலகவதி வாயில் வைத்த கவளம் அப்படியே நின்றது.

“எம் மூத்தவனுக்கு எங்க ஊர்லதான் நடந்துச்சு. இவுக ஆளுக நானூறு பேரும் நாலு நாளு எங்க வீட்டுலயும் பக்கத்து வீட்டுலயுமாக் கெடந்தாக. மண்டபத்து ஸ்டோர் ரூம் சாவி எங்கிட்ட. ஒருத்தன் தேங்கா கேக்கான், ஒருத்தன் சீனி கேக்கான், ஒருத்தன் பாயி கேக்கான். கெட்டிமேளச் சத்தம் கேட்டு ஓடியாரேன், தாலி கட்டி முடிஞ்சாச்சு. எம் மருமக கழுத்துல தாலி ஏறுனத நான் போட்டோலதான் மதினி பாத்தேன்.” அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். “இங்கன வச்சா நான் வெளியூர்க்காரி. பட்டுச் சேலயக் கட்டிக்கிட்டு வண்டில வந்து எறங்கி நின்னாப் போதும்லா? ஒக்காந்த எடத்துக்கு எல்லாம் வரும்லா?”

திலகவதிக்குப் பளிச்சென்று ஹோட்டலில் அவள் சிரித்த சிரிப்பு விளங்கியது. சரி என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்ல வரவில்லை. அந்தச் சாவி தன் இடுப்பில் தொங்குவது தெரிந்தது. தெரு அமைதியாக இருக்கும். ஊரே அமைதியாக இருக்கும். தான் மட்டும் மண்டபத்துப் பின்னறையில் இலைக்கட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள். அதைக் கேட்க வாசலுக்குக்கூட வர முடியாது.

ஆனாலும் அது லீலாவுக்கு வரும். தனக்குக் கேட்காவிட்டாலும் வரும்.

“நானும் ஒண்ணு சொல்றேன் அண்ணி, சிரிக்காதீங்க” என்றாள். தறிகள் நிற்கிற கதையைச் சொன்னாள். யாரிடமும் சொல்லாததை, காலையில் அறிமுகமானவளிடம், தட்டைப் பார்த்துக்கொண்டே முழுக்கச் சொன்னாள்.

காசியம்மாள் சிரிக்கவில்லை. அவளும் தறி வீட்டுப் பெண்தான். “குடுத்து வச்ச தெரு மதினி” என்றாள். “எங்க தெருவுல பூரா பவர்லூமு. கரண்டு போனாத்தான் நிக்கும்.”

இப்போது சிரித்தது திலகவதி. சிரிப்பை அடக்க முடியாமல் தட்டைக் கீழே வைத்தாள். ஆண்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

காசியம்மாள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து நேராகக் கணவரிடம் போனாள்.

“ஏங்க, கல்யாணம் இங்கனதான்.”

“என்ன சொல்லுத நீ?” வீரபாகு நிமிர்ந்தார். “எடம் பாக்கத்தான வந்தோம். போட்டும் இல்ல, கண்ணாடியும் இல்ல. நம்மாளுகளக் கூட்டியாந்து எதக் காட்ட, வௌவாலயா?”

“நமக்குத் தண்ணி இருந்துச்சு, மலை இருந்துச்சு, அம்மன் இருந்துச்சு. எனக்கு ரெண்டு நாளு பத்தாது. வரணும்ங்கவுக வரட்டும். நானூறு பேரும் வரணும்னு என்ன சட்டமா?”

“அதுக்கில்ல, பொய் சொல்லிட்டாருல்லா...”

“நீங்க மட்டும்? வார ஆளுகிட்டல்லாம் குத்தாலத்து அருவிய வாயாலயே கொட்டுதீங்க. ஐந்தருவிக்கு இப்படிப் போங்க, புலியருவிக்கு அப்படிப் போங்கன்னு. அந்தத் தண்ணி உங்க தலையில விழுந்து எத்தன வருசம்? நம்ம கல்யாணத்துக்கு முன்னால ஒரு தடவ போனது. என்னயக் கூட்டிப் போறேன்னு சொன்னது இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கு.”

வீரபாகு ஏரியைப் பார்த்தார். பரசுராமன் மெதுவாகத் தலை தூக்கினான். மாளிகையை விட்டுக் கிளம்பியதிலிருந்து முதல் தடவையாக அவன் முகத்தில் ரத்தம் ஓடியது.

“அப்படிங்களா சம்பந்தி?” என்றான், உருகிப் போன குரலில்.

“கடைல உக்காந்தா எங்க சம்பந்தி நேரம்?” என்றார் வீரபாகு.

“அதானே! நான் இன்னா சொல்றேன், தறிய விட்டுட்டு எங்க போறது?”

“நாளைக்குப் போவலாம், நாளைக்குப் போவலாம்னு...”

“பக்கத்துலதானே கீதுன்னு...”

தேவகுமார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒரே பாவுல நெய்ஞ்ச ரெண்டு பீஸுடா நீங்க” என்று சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்க ஏரிக்குப் போனார். அவர் திரும்பி வருவதற்கும் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதற்கும் சரியாக இருந்தது.

“சரி, இங்கயே வச்சிக்கிடுவோம்” என்றார் வீரபாகு. “ஆனா ஒண்ணு சம்பந்தி. எங்க ஆளுககிட்ட போட்டுன்னு மட்டும் சொல்லிராதீங்க. அனுமாரச் சொல்லுங்க. அது நெசம்.”

“அம்மன் சத்தியமா அனுமாரு மட்டும்தான்.”

திலகவதிக்குக் கண் கலங்கியது. காட்டிக்கொள்ளாமல் கேரியர் அடுக்குகளை எடுத்து அடுக்கினாள். காசியம்மாள் குனிந்து உதவி செய்கிற மாதிரி அவள் காதருகில், “சாவி?” என்றாள்.

திலகவதி நிமிர்ந்தாள். ஒரு கணம் யோசித்தாள். பிறகு கணவனைப் பார்த்துச் சொன்னாள். “இன்னாங்க, இன்னொரு விஷயம். மண்டபத்து ஸ்டோர் ரூம் சாவி உங்ககிட்டதான். தாரை வாக்கறப்போ மட்டும் வந்து நில்லுங்க. மத்த நேரம் அங்கியே.”

“நானா?” பரசுராமன் திடுக்கிட்டான். “ஏய், வர்ற ஜனங்கள வாங்கன்னு சொல்றது யாரு? பேசறது யாரு?”

“தேங்கா கேக்க வர்றவங்ககிட்ட பேசுங்க. மயில்கழுத்து எடுத்தாற வரைக்கும் பேசற மாதிரி.”

தேவகுமார் வேனைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீரபாகுவும் சிரித்துவிட்டார்.

“அது சரி, மறுநாள் எல்லாருக்கும் ஊரைச் சுத்திக் காட்டணுமே, அதுக்கு யாரு போவா?” என்றான் பரசுராமன்.

“நானும் அண்ணியும் போறோம்.”

“உனக்கு இன்னா தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது” என்றாள் திலகவதி, வேனில் ஏறிக் காசியம்மாளுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தபடி. “போயி பாத்துட்டு வந்து உங்களுக்குச் சொல்றோம். நீங்க கஸ்டமருக்குச் சொல்லிக்கோங்க.”